கேம் ட்ரெய்லர்: எடிட்டரைத் தேடும் முன் பதிவைப் பாருங்கள்

வாசகர் கேள்வி:
"வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் புதிர் கேம் ஒன்று செய்திருக்கிறேன். மடையைத் திறந்து, அடைத்து, வாய்க்காலைத் திருப்பி எல்லா வயலுக்கும் தண்ணீர் சேர்க்க வேண்டும். தண்ணீர் அளவானது, ஒரு வயலுக்குத் திறந்தால் இன்னொன்றுக்குக் குறையும். பிக்சல் ஆர்ட், அதாவது சிறு சதுரப் புள்ளிகளால் ஆன படங்கள். கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் பக்கம் போட்டாயிற்று. ட்ரெய்லர் 1 நிமிடம் 50 வினாடி. 'பிறகு வாங்கலாம்' என்று குறித்து வைப்பவர்களின் விஷ்லிஸ்ட் எண்ணிக்கை ஏறவே இல்லை. பார்த்தவர்கள் எடிட்டிங் சுமார் என்கிறார்கள். நல்ல எடிட்டராகப் பிடித்துக் காசு கொடுத்தால் சரியாகிவிடுமா?"

11 ஜனவரி 2025, காலை

பார்த்தேன். எடிட்டர் இப்போதைக்கு வேண்டாம். அவர் கையில் கொடுக்க உங்களிடம் சரியான பதிவு, அதாவது கேமை விளையாடிப் பிடித்த வீடியோ, இல்லை.

முதலில் லோகோ. அப்புறம் கறுப்புத் திரையில் நான்கு வரிக் கதை. அப்புறம் மேகம், பனைமரம், மாடு. முதல் மடை திறப்பது 31ஆம் வினாடியில். அதுவரை இது நடந்து திரியும் கேமா, விவசாய கேமா, கதை கேமா என்று பார்ப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. ஸ்டீம் பக்கத்தில் ட்ரெய்லர்தான் முதலில் வருகிறது, படங்கள் அதன் பின்னால்தான். வந்தவர் கேட்பது ஒன்றே ஒன்று: இதில் நான் என்ன செய்வேன்? பதில் வராவிட்டால் வீடியோவின் நடுவில் எங்காவது கிளிக் செய்து தாண்டிப் பார்ப்பார், இல்லையென்றால் கிளம்பிவிடுவார்.

லோகோவைக் கடைசிக்குத் தள்ளுங்கள். உங்கள் பெயர் தெரிந்து வருபவர்கள் இன்னும் இல்லை, கேமைப் பார்த்துப் பிடித்த பிறகுதான் யார் செய்தது என்று தேடுவார்கள். கறுப்புத் திரைக் கதை வாசகங்களை எடுத்துவிடுங்கள். மடை திறக்கும் ஷாட்டை முதல் வினாடிக்குக் கொண்டுவாருங்கள். இதற்கு அரைமணி நேரம் போதும். ஆனால் இதோடு வேலை முடியாது.

11 ஜனவரி, இரவு

காலையில் சொன்னதன் மீதி.

அந்த 31ஆம் வினாடி ஷாட்டை ஒலியை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். கர்சர் இரண்டு முறை சுற்றுகிறது, தவறான மடைமேல் போய் நின்று திரும்பி வருகிறது. மடை திறக்கிறது. தண்ணீர் வயலைத் தொடும் முன்பே கட் ஆகிவிடுகிறது. நாம் வழக்கமாக விளையாடும்போது இப்படித்தான் செய்வோம், தவறில்லை. ஆனால் பார்ப்பவருக்கு வேண்டியது செயல், அதன் விளைவு, இரண்டும் ஒரே ஷாட்டில். நீங்கள் செயலைக் காட்டிவிட்டு விளைவை வெட்டிவிட்டீர்கள்.

ட்ரெய்லருக்காக விளையாடுவது நடிப்பு. என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, தயங்காமல், ஒரே ஒரு காரியம் செய்து, அது முடியும்வரை வேறு எதையும் தொடாமல் இருக்க வேண்டும். எடிட் மேசையில் தவிக்கிற ட்ரெய்லர்களில் பெரும்பாலானவை பதிவு செய்யும்போதே தோற்றவை. நண்பர்களின் கேம்களுக்கு ட்ரெய்லர் வெட்டிக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன். நல்ல பதிவு கையில் இருந்தால் எடிட்டிங் என்பது வரிசைப்படுத்துவதுதான். இல்லையென்றால் எஃபெக்ட் மேல் எஃபெக்ட் போட்டு மூடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

12 ஜனவரி

பதிவு செய்யும் முறையைக் கேட்டிருக்கிறார்கள். நான் செய்கிறபடி:

ஓபிஎஸ் என்ற திரைப் பதிவு மென்பொருள் போதும், இலவசம். எம்கேவி என்ற கோப்பு வடிவில் பதியுங்கள். நடுவில் மென்பொருள் செத்தாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும், பிறகு ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். வினாடிக்கு 60 ஃப்ரேம்.

கேமின் இசையை அணைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் பதிந்து கொண்டுவருபவர்கள்தான் அதிகம். பின்னணி இசையோடு பதிந்துவிட்டால் எங்கே கட் செய்தாலும் இசை அறுபட்டுத் துள்ளும். வேறு வழியில்லாமல் மொத்த ஒலியையும் எடுத்துவிட்டு மேலே ஒரு பாட்டைப் போடுவீர்கள், அதோடு கேமின் ஓசை முழுவதும் போய்விடும். ஓபிஎஸ்ஸில் ஆறு ஆடியோ டிராக் (தனித்தனி ஒலித்தடம்) வரை உண்டு, ஆனால் கேம் எல்லாவற்றையும் கலந்து ஒரே ஒலியாக அனுப்பினால் இசையும் ஓசையும் ஒரே டிராக்கில்தான் விழும். ஆகவே கேமுக்குள்ளேயே இசையைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, தண்ணீர்ச் சத்தம், மடைப் பலகை உரசும் சத்தம் மட்டும் பதியுங்கள். இசையை எடிட்டில் தனியாக, அறுபடாமல் விடுங்கள்.

கர்சரை மறைக்க ஒரு விசை, யூஐயை (திரையில் மிதக்கும் பட்டன், எண், குறிகள்) மறைக்க ஒரு விசை, கேமராவை நெருக்க ஒரு விசை. உங்கள் கேம், உங்கள் கோட். ஒரு மாலை நேரம் செலவு செய்து இந்த மூன்றையும் எழுதுங்கள்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் ஒரு வினாடி, பின்னால் இரண்டு வினாடி சும்மா விட்டுப் பதியுங்கள். கட் செய்ய இடம் வேண்டும்.

12 ஜனவரி, சற்றுப் பிறகு

யூஐயை மறைப்பது பற்றி ஒரு திருத்தம். எல்லா ஷாட்டிலும் மறைக்கக் கூடாது. திரையில் எதுவுமே இல்லாமல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் அனிமேஷன் படம் என்று நினைத்துவிடுவார்கள். இரண்டு மூன்று ஷாட்டிலாவது கர்சரோ, மடை தேர்வாகும் ஒளியோ தெரிய வேண்டும். 'இதை நான்தான் செய்கிறேன்' என்ற எண்ணம் அதிலிருந்துதான் வரும்.

14 ஜனவரி

பொங்கல். ஒரு வரி மட்டும். ட்ரெய்லரில் மாட்டைக் காட்டாதீர்கள் என்று நான் சொன்னதாக ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். மாடு இருக்கட்டும். முதல் ஷாட்டில் வேண்டாம் என்பதுதான்.

15 ஜனவரி

"புதிர் கேமில் காட்ட என்ன இருக்கிறது? விடையைக் காட்டினால் கேமே போய்விடுகிறதே" என்று இன்னொரு வாசகர். நல்ல கேள்வி, இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பாபா இஸ் யூ என்ற பின்லாந்து கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அர்வி தெய்க்காரி செய்தது, 2019இல் வந்தது. திரையில் சொற்கள் கட்டைகளாகக் கிடக்கும். 'சுவர் தடுக்கும்' என்று மூன்று கட்டைகள் வரிசையாக இருந்தால் சுவர் தடுக்கும். அதில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டால் சுவர் தடுக்காது, உள்ளே நடந்து போய்விடலாம். இதைச் சொல்லி விளக்க எனக்கு இத்தனை வரிகள் தேவைப்பட்டன. திரையில் ஐந்து வினாடி. கட்டையைத் தள்ளுகிறது, சுவருக்குள் நடக்கிறது, அவ்வளவுதான். பார்த்தவுடன், 'அப்படியானால் மற்ற கட்டைகளைத் தள்ளினால் என்ன ஆகும்?' என்று மனம் தானாகவே ஓட ஆரம்பிக்கிறது.

ஆக, காட்ட வேண்டியது விதி. எளிய லெவலில் விதியை முழுதாக, விடையோடு காட்டுங்கள். ஐந்தாவது லெவலின் விடை தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கடினமான லெவலில் கேள்வியை மட்டும் காட்டி நிறுத்துங்கள்.

திரை அதிகம் அசையாத கேம் என்றாலும் இதேதான். பலாட்ரோ ஒரு சீட்டாட்டம், ஒரே ஒருவர் செய்தது, 2024 பிப்ரவரியில் வெளியாகி ஒரு மாதத்துக்குள் பத்து லட்சம் பிரதிகள் விற்றது. சீட்டு இறங்குகிறது, ஜோக்கர்கள் ஒவ்வொன்றாகத் துள்ள எண்கள் பெருகுகின்றன. சீட்டு வைப்பது செயல், எண் எகிறுவது விளைவு. போக்கர் தெரியாதவருக்கும் ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று புரிகிறது. சூப்பர்ஹாட் என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் நீங்கள் நகர்ந்தால்தான் நேரம் நகரும். நின்றால் குண்டு காற்றில் தொங்கும். அதையும் ஒரே ஷாட்டில் காட்டிவிடலாம்.

வயல் கேம் செய்தவரே, உங்கள் கேமின் விதி என்ன? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், தண்ணீர் அளவானது. ஒரு வயலுக்குத் திறந்தால் இன்னொன்றுக்குக் குறைகிறது. ட்ரெய்லரில் இது எங்குமே இல்லை! மேல்வயலின் மடையைத் திறக்கிறோம், மேல்வயல் பச்சையாகிறது, அதே ஷாட்டில் கீழ்வயல் காய்ந்து மஞ்சளாகிறது. இந்த ஒன்று போதும். ஆற்றுப் பாசனத்தில் தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் காலங்காலமாக இருந்துவரும் சச்சரவு இதுதான். அதை ஒரு விசையில் அடக்கியிருக்கிறீர்கள், பிறகு ஏன் மேகத்தைக் காட்டுகிறீர்கள்?

16 ஜனவரி

நேற்றைய குறிப்புக்குத் தொடர்ச்சி. மேல்வயலும் கீழ்வயலும் ஒரே திரையில் வரும் லெவல் கேமில் இல்லையாம். ட்ரெய்லருக்கென்றே ஒரு லெவல் செய்யலாமா, ஏமாற்று ஆகாதா என்று வயல் கேம் செய்தவர் கேட்கிறார்.

செய்யலாம். விதி கேமில் உள்ள விதியாக இருக்க வேண்டும், படங்கள் கேமில் உள்ளவையாக இருக்க வேண்டும். இடவசதிக்காக வயலை நகர்த்தி வைப்பது ஏமாற்று இல்லை. முடிந்தால் அந்த லெவலையே கேமுக்குள் சேர்த்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

கேமில் இல்லாததை இருப்பதுபோல் காட்டுவது வேறு விஷயம். நோ மேன்ஸ் ஸ்கை 2013 டிசம்பரில் அறிவிப்பு வீடியோவோடு வந்தது, இங்கிலாந்தின் ஹலோ கேம்ஸ் என்ற சிறு குழுவின் வேலை. 2016 ஆகஸ்டில் கேம் வெளியானபோது, காட்டியது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று பெரும் கொந்தளிப்பு. ஸ்டீம் பக்கத்தில் இருந்த வீடியோக்கள், படங்கள் பற்றிப் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம்வரை புகார் போனது. ஆணையம் அந்த நவம்பரில் புகார்களை ஏற்கவில்லை. ஆனாலும் இழந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற அந்தக் குழு ஆண்டுக்கணக்கில் இலவசப் புதுப்பிப்புகள் தர வேண்டியிருந்தது, தந்தார்கள், பாராட்டுகிறேன். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த அவகாசம் கிடைக்காது. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பொய்யான ட்ரெய்லரைப் பார்த்து வந்தவர் அதைத்தான் செய்வார், போகும்போது ஒரு எதிர் விமர்சனமும் எழுதிவிட்டுப் போவார்.

19 ஜனவரி

'அப்படியென்றால் டெட் ஐலண்ட் என்ற ஜாம்பி கேமின் ட்ரெய்லர் மட்டும் எப்படி எடுபட்டது?' என்று கேட்டவருக்கு. ஆம், 2011இல் வந்த அந்த ட்ரெய்லர் அபாரமானது. ஓட்டல் அறையில் ஒரு குடும்பம், எல்லாம் பின்னோக்கி ஓடும், கேமின் ஒரு காட்சிகூட இல்லை. பின்னால் பெரிய நிறுவனம் இருந்தது, அதனால் அது நடந்தது. மூன்று ஆண்டு கழித்து சுவீடனின் காஃபி ஸ்டெய்ன் குழு கோட் சிமுலேட்டர் என்ற ஆட்டு கேமின் ட்ரெய்லரில் அதே பாணியைக் கிண்டல் செய்தார்கள். ஒரு ஆடு மெல்ல மெல்லப் பின்னோக்கிப் பறக்கும். அதற்கு முன்பே ஆடு முட்டி மோதும் சாதாரணப் பதிவு ஒன்று யூடியூபில் பரவி, மக்கள் கேட்டுக் கேட்டுத்தான் அது கேமாகவே ஆனது. எனக்கு அந்த முதல் பதிவுதான் பாடம். அதில் அலங்காரம் எதுவும் இல்லை. ஆடு முட்டுகிறது, உலகம் கலைகிறது.

அன்டைட்டில்ட் கூஸ் கேமும் இப்படித்தான். மெல்போர்னின் ஹவுஸ் ஹவுஸ் குழு 2017 அக்டோபரில் ஒரு வீடியோ போட்டது. வாத்து ஒன்று தோட்டக்காரரைப் படாதபாடு படுத்துகிறது. கேமுக்குப் பெயர்கூட வைக்கவில்லை, 'பெயரிடாத' என்று போட்டதே பெயராக நிலைத்துவிட்டது. வீடியோவில் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் பியானோத் துண்டு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அது பார்த்தவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போகவே, வாத்தின் செயலுக்கு ஏற்ப டெபுஸி இசை துண்டு துண்டாக ஒலிக்கும்படி கேமையே அமைத்தார்கள். 2019இல் வெளியானது. ட்ரெய்லர் கேமை விற்பதோடு நிற்காமல், கேம் எங்கே உயிரோடு இருக்கிறது என்று செய்தவருக்கே காட்டிக்கொடுக்கும். இதனால்தான் ட்ரெய்லரைக் கடைசி வாரத்துக்குத் தள்ள வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பாதி கேம் இருக்கும்போதே ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள்.

20 ஜனவரி

கதை வாசகங்களை எடுக்கச் சொன்னதற்கு எதிர்ப்பு வந்திருக்கிறது. வெண்பா கேமைக் காட்டுகிறார்கள். டொரோண்டோவின் விசை கேம்ஸ், 2023 ஜூலை. 1980களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் அங்கங்கே அழிந்துபோயிருக்கும், விடுபட்டதை ஊகித்து இட்லியிலிருந்து சமைக்க வேண்டும். மறு ஆண்டு சுயாதீன கேம் விழாவின் பெரும்பரிசு அதற்குத்தான். "அது முழுக்கக் கதைதானே, அங்கே வாசகம் வேண்டாமா?" என்கிறார்கள்.

வேண்டும். வெண்பாவில் உரையாடலை வாசிப்பதும் விளையாட்டின் பகுதி, ஆகவே அதைக் காட்டினால் கேமைக் காட்டியதாகவே ஆகும். கூடவே மாவு, இட்லித் தட்டு, வாணலி, தாளிக்கும் ஓசை. கை என்ன செய்யும் என்பதும் தெரிகிறது, அந்தச் சமையல் யாருக்காக என்பதும் தெரிகிறது. நான் எதிர்ப்பது கறுப்புத் திரையில் வரும் 'ஒரு காலத்தில் ஓர் ஊரில்'. எந்தக் கேமின் முன்னாலும் ஒட்டிவிடலாம் அதை. உங்கள் ஊரின் கதை கேமுக்குள் ஒரு பாட்டி பேசும் வசனமாக இருக்கிறது என்றால், அந்த வசனத்தை அப்படியே ஒரு ஷாட்டாக வையுங்கள்.

வாசகம் அவசியம் என்றால் மூன்று நான்கு சொற்கள். ஒலி இல்லாமல் பார்ப்பவர்கள் அதிகம், அவர்களுக்கு அது உதவும். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள், போன் திரையில் படிக்க வேண்டும். வாசகமும் முக்கியச் செயலும் ஒரே வினாடியில் வந்தால் கண் எழுத்துக்குத்தான் போகும், செயல் வீணாகும். இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள்.

22 ஜனவரி

வயல் கேம் செய்தவர் ட்ரெய்லரின் புது வெட்டு அனுப்பியிருக்கிறார், 58 வினாடி. மேல்வயல், கீழ்வயல் ஷாட்டில் தொடங்குகிறது. என் சித்தப்பா மகனிடம் ஒலியில்லாமல் காட்டி, இதில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "தண்ணியைப் பங்கு போடணும்" என்றான். சரியாக வந்திருக்கிறது! எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

நீங்களும் இப்படியே கேட்டுப் பாருங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்பார்கள், எதற்கும் உதவாது.

இரண்டு குறைகள். ஒரு ஷாட்டில் தண்ணீர் இடமிருந்து வலம் ஓடுகிறது, அடுத்ததில் வலமிருந்து இடம். ஒவ்வொரு முறை ஷாட் மாறும்போதும் கண் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது. கண் எங்கே முடிகிறதோ அங்கேயே அடுத்த ஷாட்டின் முக்கியமான அசைவு தொடங்கட்டும். நீங்களே எழுதிய கேம் என்பதால் லெவலைக் கண்ணாடிபோல் திருப்பிப் பதிவது எளிது. எழுத்துள்ள பலகைகள் திரும்பிவிடாமல் மட்டும் பாருங்கள். இரண்டாவது, எல்லா ஷாட்டும் ஏறத்தாழ ஒரே நீளம். விதியைச் சொல்லும் முதல் மூன்று ஷாட் நிதானமாக இருக்கட்டும். விதி புரிந்த பிறகு வேகமாக வெட்டலாம், அப்போது சிக்கலான லெவல்கள் அரை வினாடி தெரிந்தாலும் பார்ப்பவர் பின்தொடர்வார். வெள்ளம் வரும் ஷாட்டுக்கு முன்னால் இசையை ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள்.

25 ஜனவரி

தரம் பற்றி. வெட்டு நன்றாக இருந்தும் பிக்சல்கள் மழுங்கித் தெரிகின்றன. உங்கள் கேம் 320க்கு 180 பிக்சல் அளவு என்றீர்கள். முழு எண்ணால் மட்டுமே பெருக்குங்கள். 6ஆல் பெருக்கினால் 1920க்கு 1080, 12ஆல் பெருக்கினால் 3840க்கு 2160. நடுவில் எங்காவது 'அளவைப் பொருத்து' என்று மென்பொருளிடம் விட்டால் ஓரங்களை மழுப்பிவிடும். பக்கத்துப் பிக்சலை அப்படியே நகலெடுக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

செம்மண் வரப்பின் சிவப்புக் கோடுகள் கலங்கித் தெரிவதற்குக் காரணம் வேறு. எச்.264 என்ற வழக்கமான முறையில் சுருக்கிய வீடியோவில் வெளிச்ச அளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் சேமிக்கப்படும், நிறம் நாலு பிக்சலுக்கு ஒன்றாகத்தான். ஒரு பிக்சல் அகலச் சிவப்புக் கோடு இருட்டுப் பின்னணியில் வந்தால் நிறம் பக்கத்தில் வழியும். பெருக்கிய பிறகு ஒரு பிக்சல் ஆறு பிக்சல் ஆகிவிடுவதால் இது பெருமளவு குறையும். யூடியூபுக்கு 4கே (3840க்கு 2160) அளவிலேயே ஏற்றுங்கள், 1080இல் ஏற்றினால் கெடும் அளவுக்கு அவர்கள் சுருக்கும்போது தரம் கெடாது, தண்ணீர் அசைவில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

எடிட்டிங் மென்பொருள் கேட்டவர்களுக்கு: டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு தாராளம். லினக்ஸில் அந்த இலவசப் பதிப்பு எச்.264 கோப்புகளோடு ஒத்துழைக்காது, அங்கே கேடென்லைவ் பாருங்கள்.

2 பிப்ரவரி

இன்னொன்று. ஸ்டீமில் கேம் படத்தின்மேல் கர்சரை வைத்தால் சிறு வீடியோ ஓடுகிறதே, அதை ஸ்டீமே ட்ரெய்லரிலிருந்து துண்டு துண்டாக எடுத்துக்கொள்கிறது, ஒலி இல்லாமல். லோகோவும் கறுப்புத் திரையும் ட்ரெய்லரில் நிறைய இருந்தால் அந்தத் துண்டுகளிலும் அவைதான் வந்து விழும். எந்த வினாடியில் நிறுத்தினாலும் கேம் தெரிய வேண்டும் என்று வெட்டினால் இது தானாகச் சரியாகும்.

தம்பி, ஸ்டீம் நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற டெமோ விழா பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என்று வருகிறது, ஒரு கேம் ஒரு முறைதான் கலந்துகொள்ளலாம், டெமோ, அதாவது இலவசமாக விளையாடிப் பார்க்கும் மாதிரி, கட்டாயம். ஜூனுக்குப் போங்கள். அதுவரை டெமோவைத் தேற்றலாம். ட்ரெய்லரின் முதல் ஷாட்டில் காட்டிய லெவல் டெமோவிலும் இருக்கட்டும், பார்த்ததைத் தொட்டுப் பார்க்க வருபவரை ஏமாற்றாதீர்கள்.

9 பிப்ரவரி

இசை யாருடையது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், சரியான கேள்வி. நண்பர் போட்டுக் கொடுத்த இசை என்றாலும் எழுத்தில் வாங்குங்கள்: கேமில், ட்ரெய்லரில், விளம்பரத்தில், காலவரம்பு இல்லாமல். நானே வெட்டிய ஒரு ட்ரெய்லர், முறையாகக் காசு கொடுத்து வாங்கிய இசை, ஆனாலும் யூடியூபில் 'இந்த இசை எங்களுடையது' என்று தானியங்கி உரிமைக்கோரல் வந்து நின்றது. ரசீதும் உரிமக் கடிதமும் கையில் இருந்ததால் மறுப்பு அனுப்பி விடுவிக்க முடிந்தது. நம் வீடியோ மட்டுமல்ல, நம் கேமை விளையாடிப் போடுகிற யூடியூபர்களுக்கும் இதே கோரல் வரும், அவர்களுடைய வருமானம் போகும், அடுத்த முறை நம் கேமைத் தொட மாட்டார்கள். ஆகவே இசையமைப்பாளர் அந்த இசையைத் தானியங்கி உரிமைச் சோதனையில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். செய்திருந்தால், ட்ரெய்லரை ஏற்றுவதற்கு முன்பே உங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள், விளையாடிப் போடுபவர்களுக்கு என்ன வழி என்பதையும் பேசி முடிவு செய்யுங்கள்.